ஹாஷிம் ஆம்லா: "மெதுவான ஆட்டக்காரர்" என்று பட்டம் கட்டியது யார்?

புல்மேடு_டர்பன்:

எல்லாருக்கும் வணக்கம். போன வாரம் இங்கே ஓடிய "தென்னாப்பிரிக்காவின் சிறந்த ஒருநாள் அணி" இழையில் பாதிப் பேர் ஆம்லாவைச் சேர்க்கவே இல்லை. "அவர் டெஸ்டுக்குச் சரி, ஒருநாளுக்குக் கொஞ்சம் மெதுவு" என்று ஒருவர் ஆரம்பித்தார், நாலு பேர் அதற்கு லைக் போட்டிருந்தார்கள். இதை அப்படியே விட முடியாது, அதனால்தான் தனி இழை.

முதலில் கணக்கு. ஒருநாள் போட்டிகளில் அதே அணியின் ஹெர்ஷல் கிப்ஸ் 8094 ரன், ஆம்லா 8113. வித்தியாசம் 19 ரன்தான். ஆனால் கிப்ஸ் ஆடியது 248 ஆட்டம், ஆம்லா ஆடியது 181. சதம் கிப்ஸுக்கு 21, ஆம்லாவுக்கு 27. இதெல்லாம் சராசரிக் கணக்கு, மெதுவாக ஆடினாலும் வரும் என்பீர்கள். சரி, ஸ்ட்ரைக் ரேட்டைப் பாருங்கள், அதாவது நூறு பந்துக்கு எத்தனை ரன். கிப்ஸ் 83. ஆம்லா 88. நம் ஊரில் கிப்ஸை யாராவது மெதுவு என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

தாடியும் நிதானமும் பார்த்து முடிவு கட்டிவிட்டார்கள் என்பது என் கட்சி. சிக்ஸர் அடித்துவிட்டு பேட்டைச் சுழற்றுகிறவனை வேகக்காரன் என்கிறோம். ஒவ்வொரு ஓவரிலும் சத்தமில்லாமல் ஒரு பவுண்டரியும் இரண்டு ஒற்றை ரன்னும் எடுத்துக்கொண்டு போகிறவனை நாம் கவனிப்பதே இல்லை. ஸ்கோர்போர்டைத் திரும்பிப் பார்த்தால் 40 பந்தில் 42.

லெனேசியா_லெக்பிரேக்:

தலைவரே, கணக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் டெல்லி 2015 ஞாபகம் இருக்கிறதா? 244 பந்து, 25 ரன். அரைப்படி அரிசியில் கல் பொறுக்க ஒரு நாள் எடுத்துக்கொண்ட மாதிரி ஓர் ஆட்டம். பட்டம் கொடுத்தது நாங்கள் இல்லை, அவரே வாங்கிக்கொண்டார்.

பீனிக்ஸ்_டீச்சர்:

அது டெஸ்ட் ஆட்டம், தம்பி. நாலாவது இன்னிங்ஸ். எடுக்க வேண்டியது 481. யார் எடுப்பார்கள்?

மிட்ராண்ட்_மெட்ராஸ்காரன்:

நான் இந்தப் பக்கம் வேலைக்கு வந்தவன், பிறந்தது வளர்ந்தது எல்லாம் திருவல்லிக்கேணி. ஆம்லாவை முதலில் நேரில் பார்த்தது 2008 சேப்பாக்கம் டெஸ்டில்தான். எல்லாரும் அந்த ஆட்டத்தை சேவாக் 319 என்றுதான் நினைவில் வைத்திருக்கிறார்கள், அது நியாயம். ஆனால் அதற்கு முன்னால் தென்னாப்பிரிக்கா 540 அடித்தது, அதில் ஆம்லா 159.

அன்றைய வெயிலைச் சொல்ல வேண்டுமா? சிமெண்டுப் படியில் உட்கார முடியாது. கும்ப்ளே, ஹர்பஜன் இருவரும் பந்து போடுகிறார்கள். இவர் ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே விழுந்து உள்ளே வருகிற பந்தை, முன்னால் ஓர் அடி எடுத்து வைத்து, மணிக்கட்டை மட்டும் திருப்பி மிட்விக்கெட்டுக்கு அனுப்பினார். என் பக்கத்தில் இருந்த பெரியவர் "இவன் நம்ம ஊர்ப் பையன் மாதிரி ஆடறானே, யார்றா இது?" என்று கேட்டார். வெளிநாட்டு அணி ஆள் அப்படி ஆடி எங்கள் பக்கம் அதிகம் பார்த்ததில்லை. விஸ்வநாத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு மணிக்கட்டு ஆட்டம் என்றால் தனிப் பிரியம்.

டெல்லி விஷயத்துக்கு வருகிறேன். அந்த இன்னிங்ஸில் டிவில்லியர்ஸ் 297 பந்தில் 43. அவரை யாரும் மெதுவு என்று சொல்லவில்லையே! நம்ம அஸ்வின் அன்றைக்கு ஐந்து விக்கெட் எடுத்தார். மொத்த அணியும் 143 ஓவர் ஆடி 143 ரன். திட்டமே டிரா. தோற்றார்கள் என்பதால் அது கேலி ஆகிவிட்டது. ஒரு மணி நேரம் கூட நின்றிருந்தால் வீரக்கதை ஆகியிருக்கும்.

லெனேசியா_லெக்பிரேக்:

சரி, டெல்லியை விட்டுவிடுகிறேன். என் உண்மையான குறை வேறு. உலகக் கோப்பை நாக் அவுட். 2011 மிர்பூரில் நியூசிலாந்துக்கு எதிராக 7. 2015 சிட்னியில் இலங்கைக்கு எதிராக 16. அதே உலகக் கோப்பை அரையிறுதியில் ஆக்லாந்தில் 10. மூன்று ஆட்டத்திலும் இருபது வரவில்லை. அதே 2015இல் கான்பெராவில் அயர்லாந்துக்கு எதிராக 159. வேகம் இருக்கிறது என்று ஒத்துக்கொள்கிறேன், எப்போது என்பதுதான் கேள்வி.

புல்மேடு_டர்பன்:

இது நியாயமான குறை. இதற்கு என்னிடம் முழுப் பதில் கிடையாது. ஆனால் நாக் அவுட்டில் தோற்றது தென்னாப்பிரிக்க அணியின் பரம்பரை நோய், ஒரு தொடக்க ஆட்டக்காரர் தலையில் மட்டும் கட்ட முடியாது. ஆக்லாந்தில் அவர் 10இல் போன பிறகும் அணி 43 ஓவரில் 281 அடித்தது. தோற்றது பந்து வீசும்போதும், தவறவிட்ட ரன் அவுட்டுகளாலும், மழைக் கணக்காலும்.

"மெதுவு" என்ற குற்றச்சாட்டும் "பெரிய ஆட்டத்தில் இல்லை" என்ற குற்றச்சாட்டும் வேறு வேறு. நான் முதலாவதைத்தான் மறுக்கிறேன்.

சாட்ஸ்வர்த்_கோச்:

சனிக்கிழமைகளில் பையன்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன், அதனால் ஆட்டமுறை பற்றி மட்டும் பேசுகிறேன். எல்லாம் அங்கேதான் இருக்கிறது.

ஆம்லா பேட்டைத் தூக்கும்போது பின்னால் நிற்கிறவர் பார்த்தால் பயந்துவிடுவார். நேராக விக்கெட் கீப்பர் பக்கம் போகாது. பேட்டின் முனை கல்லியைத் தாண்டி பாயிண்ட் பக்கம் போய் நிற்கும். பள்ளிக்கூட கோச் யாராக இருந்தாலும் "நேரா தூக்குடா" என்று கத்துவார். பந்து வீசுபவர் கையை விட்டதும் அந்த பேட் ஒரு வளைவு போட்டு உள்ளே வரும், வந்து விழும்போது நேர்க்கோட்டில்தான் விழும். கவனியுங்கள், தூக்கும்போதுதான் கோணல், இறங்கும்போது இல்லை. இதனால் என்ன லாபம் என்றால், கை உடம்பை ஒட்டியே இருக்கும், பந்தைக் கடைசி நொடி வரை விட்டுப் பார்த்து அடிக்கலாம். அதே பந்துக்குக் கவர் டிரைவும் உண்டு, மிட்விக்கெட் ஃபிளிக்கும் உண்டு. வீசுகிறவனுக்கு ஃபீல்டு வைக்கத் தெரியாமல் போகும்.

நஷ்டமும் உண்டு. வளைவு முடிவதற்குள் பந்து உள்ளே திரும்பினால் பேடுக்கும் பேட்டுக்கும் நடுவே வாசல் திறந்துவிடும். 2004 நவம்பரில் கொல்கத்தாவில் அறிமுகம், 24, 2. பிறகு இங்கிலாந்து வந்தபோது வேகப்பந்து வீச்சாளர்கள் அந்த வாசலைத்தான் குறிவைத்தார்கள். அணியிலிருந்து எடுத்துவிட்டார்கள். "நிற ஒதுக்கீட்டில் வந்தவன்" என்று அப்போது பேசிய வாய்களை நான் மறக்கவில்லை. 2006 ஏப்ரலில் கேப்டவுனில் நியூசிலாந்துக்கு எதிராகத் திரும்பி வந்து 149 அடித்தார். அப்போதும் பேட் பாயிண்ட் பக்கம்தான் போயிற்று. அதை அவர் கடைசி வரை நேராக்கவில்லை. காலும் தலையும் முன்னைவிட அடங்கி நின்றன, அவ்வளவுதான் வித்தியாசம்.

கடைசி இரண்டு வருடம் சராசரி இறங்கியதற்கும் இதே காரணம்தான் என்று நினைக்கிறேன். கண்ணும் கையும் ஒரு இம்மி தாமதமானால் நேரான பேட்டுக்காரன் சமாளிப்பான், வளைவுக்காரன் மாட்டிக்கொள்வான். ஐம்பதுக்கு மேலே இருந்த டெஸ்ட் சராசரி 46.64இல் வந்து முடிந்தது.

வெருலம்_விக்கி:

கோச் அண்ணா, பையன்கள் அவரைப் பார்த்து அப்படித் தூக்கினால் விடுவீர்களா?

சாட்ஸ்வர்த்_கோச்:

ரன் அடிக்கிற வரை விடுவேன்.

பீனிக்ஸ்_டீச்சர்:

நீங்கள் எல்லாரும் எண்ணிலேயே நிற்கிறீர்கள். எனக்கு வேறு ஒன்று சொல்ல வேண்டும், கொஞ்சம் நீளும்.

நிறவெறி ஆட்சிக் காலத்தில் எங்கள் அப்பா டர்பன் கிங்ஸ்மீட் மைதானத்துக்குப் போனால் வெள்ளைக்காரர்கள் உட்காரும் பக்கம் போக முடியாது. தனிப் பகுதி. அங்கே உட்கார்ந்துகொண்டு வெளிநாட்டிலிருந்து வந்த அணிக்குத்தான் கை தட்டுவார்கள். அவர்களுடைய சொந்தக் கிரிக்கெட் கரீஸ் ஃபவுண்டன் மைதானத்தில் இருந்தது. "இயல்பில்லாத சமுதாயத்தில் இயல்பான விளையாட்டு இல்லை" என்பது அந்தக் காலத்து முழக்கம். நல்ல திறமை இருந்த எத்தனையோ பேர் வெள்ளையர் சங்கத்துக்குப் போய் ஆட மாட்டோம் என்று நின்று, வயதாகிப் போனார்கள். அவர்கள் பெயர் எந்த ரெக்கார்டு புத்தகத்திலும் பெரிதாக வராது. 1991இல் சங்கங்கள் ஒன்றான பிறகும், 1992 நவம்பரில் இந்திய அணி டர்பனில் டெஸ்ட் ஆட வந்தபோது எங்கள் தெருவில் பாதிக்கு மேல் இந்தியாவுக்குத்தான். பிரவீன் ஆம்ரே அறிமுக ஆட்டத்திலேயே சதம் அடித்தார், எங்கள் வீட்டில் பாயசம் வைத்தார்கள். இந்த நாட்டு அணியை "நம்ம அணி" என்று சொல்ல அப்பாவுக்கு வாய் வரவே இல்லை.

ஆம்லா நம் தமிழ்ப் பிள்ளை இல்லை, குஜராத்தி முஸ்லிம் குடும்பம், சூரத் பக்கம். இருந்தாலும் டர்பன் பிள்ளை, டர்பன் ஹைஸ்கூல் மாணவர். அவர் ஆட வந்த பிறகுதான் அப்பா முதல்முறையாக தென்னாப்பிரிக்கா விக்கெட் விழுந்தால் "ச்சே" என்று சொல்ல ஆரம்பித்தார். சட்டையில் பியர் கம்பெனி சின்னம் வேண்டாம் என்று ஆரம்பத்திலேயே சொன்னார், கிரிக்கெட் வாரியமும் ஒத்துக்கொண்டது. 2006இல் இலங்கையில் வர்ணனையில் இருந்த ஒரு பழைய ஆஸ்திரேலிய வீரர் மைக் ஓடுவது தெரியாமல் இவரைப் பயங்கரவாதி என்று சொன்னார், அன்றைக்கே வேலை போயிற்று. ஆம்லா அதற்குக் கத்தவில்லை, அறிக்கைப் போர் நடத்தவில்லை. மறுபடியும் ஆடப் போய்விட்டார்.

2014இல் டெஸ்ட் அணித் தலைவர் ஆக்கினார்கள். வெள்ளையர் அல்லாத ஒருவரை நிரந்தரத் தலைவராக நியமித்தது அதுதான் முதல்முறை. அதை எங்கள் தெரு எப்படிக் கொண்டாடியது என்று இந்தத் தம்பிகளுக்குத் தெரியாது.

லெனேசியா_லெக்பிரேக்:

டீச்சர், மரியாதையோடு சொல்கிறேன், கொண்டாட்டம் சரி, ஆனால் தலைமைப் பொறுப்பு அவருக்குப் பொருந்தவில்லை. இலங்கையில் தொடரை ஜெயித்தார், நல்ல ஆரம்பம். பிறகு இந்தியாவில் 3-0 தோல்வி, டர்பனில் இங்கிலாந்திடம் தோல்வி.

பீனிக்ஸ்_டீச்சர்:

அடுத்த ஆட்டத்தையும் சொல்லுங்கள் தம்பி. கேப்டவுன், 2016 ஜனவரி. ஸ்டோக்ஸ் 258 அடித்து இங்கிலாந்து 629 போட்டது. ஆம்லா 201 அடித்து ஆட்டத்தை டிரா செய்தார். முடிந்ததும் தலைமையை விட்டார். தோற்ற பிறகு துரத்தப்பட்டுப் போகவில்லை, இரட்டைச் சதம் அடித்துவிட்டுத் தானாகப் போனார். எத்தனை பேர் அப்படிப் போவார்கள்?

வெருலம்_விக்கி:

இங்கிலாந்தில் ஓவல் டெஸ்டில் எடுத்த 311ஐ நோன்பு வைத்துக்கொண்டே அடித்தார் என்று என் பெரியப்பா சத்தியம் செய்கிறார். உண்மையா?

புல்மேடு_டர்பன்:

இல்லை. 2012 ஜூலையில் ரமலான் மாதத்தில்தான் அந்த ஆட்டம், அதனால் அப்படி ஒரு கதை பரவிவிட்டது. பயணத்தில் இருப்பதால் நோன்பைத் தள்ளி வைத்து வீடு திரும்பிய பிறகு பிடிப்பதாக அவரே சொல்லியிருந்தார். பதின்மூன்று மணி நேரத்துக்கும் மேல் நின்றார், 529 பந்து. அதைத் தண்ணீர் குடித்துச் செய்தாலும் சாதாரணம் இல்லையே! தென்னாப்பிரிக்கர் ஒருவர் டெஸ்டில் அடித்த முதல் முச்சதம் அது. காலிஸ் 182 உடன் நின்றார், இருவரும் 377 ரன் பிரியாமல். அணி 2 விக்கெட்டுக்கு 637, இங்கிலாந்து இன்னிங்ஸ் தோல்வி. அந்தத் தொடரில்தான் நாம் டெஸ்டில் முதல் இடம் போனோம், லார்ட்ஸிலும் அவர் சதம்.

இப்போது என் முக்கியமான சாட்சி. அதே 2012, டிசம்பர் ஆரம்பம், பெர்த். பான்டிங்கின் கடைசி டெஸ்ட். ஆஸ்திரேலிய வேகப்பந்து, பெர்த் ஆடுகளம். ஆம்லா 221 பந்தில் 196. ஸ்ட்ரைக் ரேட் 88.7. அவருடைய மொத்த ஒருநாள் ஸ்ட்ரைக் ரேட்டும் 88தான்! ஆக, தேவைப்பட்டால் டெஸ்டிலேயே ஒருநாள் வேகம், தேவைப்பட்டால் 244 பந்துக்கு 25. ஒரே ஆள், பேட்டைத் தூக்குகிற அதே முறை. வேகம் அவருடைய குணம் இல்லை, அவர் எடுக்கிற முடிவு.

மிட்ராண்ட்_மெட்ராஸ்காரன்:

2010ஐ யாரும் தொடவில்லையே. நாக்பூரில் ஆட்டமிழக்காமல் 253. அடுத்தது கொல்கத்தா, 114, பிறகு ஆட்டமிழக்காமல் 123. இரண்டு டெஸ்ட், 490 ரன், ஒரே ஒரு முறை அவுட். தொடர் சராசரியும் 490. இப்படி ஒரு கணக்கை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

அந்தக் கொல்கத்தா கடைசி நாள் அலுவலகத்தில் வேலையே ஓடவில்லை. இன்னிங்ஸ் தோல்வியைத் தவிர்க்க வழியில்லை, நேரத்தைக் கடத்துவது ஒன்றுதான் பாக்கி. ஒரு பக்கம் ஆம்லா, மறுபக்கம் மோர்னி மோர்கல். எல்லா ஃபீல்டர்களும் பேட்டைச் சுற்றி. ஹர்பஜன் ஓடிவருகிறார், மோர்கல் பேடில் வாங்கினார், நடுவர் கை தூக்கினார். மீதி 9 பந்து. இந்தியா ஜெயித்ததற்கு நான் குதித்தேன், ஆனால் 394 பந்து நின்றவர் மறுமுனையில் இருந்ததைப் பார்க்க மனசு கேட்கவில்லை. ஹர்பஜன் மைதானம் முழுக்க ஓடுகிறார், இவர் கையுறையைக் கழற்றிக்கொண்டு நேராக வந்து கை கொடுக்கிறார்.

வெருலம்_விக்கி:

நம்ம முத்துசாமியைப் பற்றி யாரும் பேசலையா? அவர்தான் நிஜமாகவே நம்ம ஆள். 2025 நவம்பரில் குவாஹாட்டியில் இந்தியாவுக்கு எதிராக 109 அடித்தாரே!

புல்மேடு_டர்பன்:

தனி இழை போடு தம்பி, நானே முதல் ஆளாக வருவேன். ஆனால் இங்கே ஒரு விஷயத்துக்கு அவர் தேவைப்படுகிறார். செனுரன் முத்துசாமியும் டர்பன்தான், அவருக்கும் அறிமுகம் இந்தியாவில்தான். 2019 விசாகப்பட்டினம், முதல் விக்கெட்டே கோலி, தன் பந்தில் தானே கேட்ச். அந்தத் தொடர் முடிந்ததும் அடுத்த டெஸ்டுக்கு 2023 வரை காத்திருந்தார். ஆம்லாவும் ஆரம்பத்திலேயே வெளியே உட்கார்ந்தவர். ஒரு தொடரில் இரண்டு ஆட்டம் பார்த்துவிட்டு ஆளை முடிவு கட்டுகிற பழக்கம் நம் தேர்வாளர்களுக்கும் உண்டு, நமக்கும் உண்டு.

லெனேசியா_லெக்பிரேக்:

சாதனைகள் என்று ஆரம்பித்தால் ஒன்று கேட்கிறேன். ஒருநாளில் வேகமாக 2000, 3000, 4000 ரன் என்று வரிசையாக ரெக்கார்டு வைத்தாரே, அதில் எத்தனை மிச்சம்? 2000ஐ சுப்மன் கில் எடுத்துவிட்டார். 5000ஐ பாபர் ஆசம்.

புல்மேடு_டர்பன்:

2000ஐ கில் 38 இன்னிங்ஸில் எடுத்தார், ஆம்லா 40. 5000ஐ பாபர் 97இல், ஆம்லா 101. 6000இல் பாபர் 123க்கு வந்து ஆம்லாவோடு சமமாக நின்றார், தாண்டவில்லை. 7000க்கு ஆம்லா 150 இன்னிங்ஸ், கோலிக்கு 161 ஆனது. இதில் ஒரு வேடிக்கை பாருங்கள்: இந்த ரெக்கார்டை உடைப்பவர்கள் எல்லாரும் இரண்டு பக்கமும் புதுப் பந்து, தடித்த பேட், உள்ளே இழுத்த பவுண்டரி எல்லாம் வந்த காலத்து ஆட்கள். ஆம்லா முதல் சில வருடங்களை அதற்கு முன்னால் ஆடினவர். கோலியோடு ஒப்பிட்டால் மொத்த ரன்னில் ரொம்பப் பின்னால்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆம்லா ஒருநாள் அணிக்குள் வந்ததே 2008இல், இருபத்து நாலு வயதில். அதுவரை "டெஸ்ட் ஆள்" என்று வெளியே வைத்திருந்தார்கள். இந்த இழையின் தலைப்புக் கேள்விக்குப் பாதிப் பதில் அதுதான்.

சாட்ஸ்வர்த்_கோச்:

2021இல் சர்ரேக்காக சவுத்தாம்ப்டனில் ஆடியதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கவுண்டி ஆட்டம், ஃபாலோ ஆன், கடைசி நாள். 278 பந்து, ஆட்டமிழக்காமல் 37. அணி 8 விக்கெட்டுக்கு 122, டிரா. டெல்லியில் கைகூடாதது அங்கே கைகூடியது. வயது 38. சர்வதேச ஆட்டத்தை 2019லேயே விட்டாயிற்று, நிரூபிக்க ஒன்றுமில்லை. என் பையன்களுக்கு அதை வீடியோவில் போட்டுக் காட்டினேன், பத்து நிமிடத்தில் பாதிப் பேர் போனை நோண்ட ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு பையன் மட்டும் "பந்தை எவ்வளவு லேட்டா விடறார் பாருங்க சார்" என்றான். அவனை அடுத்த வாரமே மூன்றாம் இடத்தில் இறக்கினேன்.

லெனேசியா_லெக்பிரேக்:

சரி, சரி. "மெதுவு" என்ற பட்டத்தைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். ஆனாலும் என் ஒருநாள் அணியில் தொடக்கத்துக்கு கேரி கிர்ஸ்டன்தான். உலகக் கோப்பையில் 188 அடித்தவர்.

புல்மேடு_டர்பன்:

1996 ராவல்பிண்டியில், ஐக்கிய அரபு அமீரகத்துக்கு எதிராக! அயர்லாந்துக்கு எதிரான 159 கணக்கில் வராது, இது மட்டும் வருமா?

பீனிக்ஸ்_டீச்சர்:

😄 மாட்டிக்கிட்டார்.

லெனேசியா_லெக்பிரேக்:

பிறகு யாரோடு யாரைப் போடுவீர்கள், அதைச் சொல்லுங்கள்.

புல்மேடு_டர்பன்:

ஆம்லா, டி காக். யோசிக்கவே வேண்டாம். 2017 கிம்பர்லியில் வங்கதேசம் 278 போட்டது, இந்த இருவரும் விக்கெட் விழாமல் 282 எடுத்து முடித்தார்கள். டி காக் 168, ஆம்லா 110. எல்லாரும் டி காக்கைப் பற்றித்தான் பேசினார்கள், ஆம்லா 112 பந்தில் 110 அடித்ததை யாரும் கவனிக்கவில்லை. கிப்ஸ் மூன்றாம் இடம், காலிஸ் நான்கு, டிவில்லியர்ஸ் ஐந்து.

மிட்ராண்ட்_மெட்ராஸ்காரன்:

காலிஸ் நாலா? ஸ்ட்ரைக் ரேட் 72 அண்ணே! இப்போ யாரு மெதுவு?